விமானிகளின் இரண்டு பெட்டியிலும் ஒரே சம்பல்

1. முதல் நாள் ஏச்சு

விமானச் சாப்பாட்டு வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே ஏச்சு வாங்கினவள் நான். ஏர்போட்டுக்குப் பக்கத்தில் ஒரு பெரிய பிளைட் கிச்சன். ஹந்தானைத் தேயிலைத் தோட்டத்து லய வீட்டில் பிறந்து, கண்டியில் ஒரு ஹோட்டலில் மரக்கறி வெட்டிக்கொண்டிருந்த நான், அவ்வளவு பெரிய குசினியைப் பார்த்ததும் வாசலிலேயே நின்றுவிட்டேன். சமைத்த சாப்பாட்டை ஆறவிடாமல் நேரே சில்லர் என்ற குளிர் அறைக்குள் தள்ளுவார்கள். அது ஐந்து டிகிரிக்குக் கீழே போன பிறகுதான் டிரேயில் அடுக்குவார்கள். அதைச் சுடவைப்பது மேலே, பிளேனுக்குள். மாதிரிக்கு ஒரு டிரே மேசையில் இருக்கும். அதில் மூன்று துண்டு கரட் என்றால் முந்நூறு டிரேயிலும் மூன்று துண்டுதான்.

என்னை கிறூ மீல் பெக்கிங்கில் விட்டார்கள். பிளேனில் வேலை செய்கிறவர்களின் சாப்பாட்டைத்தான் கிறூ மீல் என்பார்கள். கெப்டனுக்கும் பக்கத்தில் இருக்கும் இரண்டாவது பைலட்டுக்கும் நான் நல்ல மனதோடு ஆளுக்கொரு மீன் டிரே வைத்தேன். அன்றைக்கு மீன் நன்றாக இருந்தது. இரண்டு பேரும் சந்தோஷமாகச் சாப்பிடட்டும் என்று நினைத்தேன்.

சுப்பவைசர் டிரேயைத் திறந்து பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

“ரெண்டு பேரும் ஒரே மீனைத் தின்னு, ரெண்டு பேருக்கும் வயித்தால போனா பிளேனை யாரு ஓட்டுறது? நீயா?”

அன்றைக்கு அழுதேன். ஆனால் அந்தச் சட்டம் மண்டையில் ஏறிவிட்டது. கெப்டனுக்குக் கோழி என்றால் மற்றவருக்கு மீன், அல்லது மரக்கறி. ஒருவருக்கு ஒத்துக்கொள்ளாவிட்டாலும் மற்றவர் பிளேனை இறக்கிவிடுவார். பயணிகளுக்கு இது தெரியாது, தெரியவும் தேவையில்லை. பதினொரு வருஷம் அங்கே இருந்தேன். அதற்குப் பிறகு ஒருநாளும் அந்தப் பிழையை விடவில்லை. விடவில்லை என்றுதான் நானும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

2. வாட்டர் பிளேன் வந்த கதை

கண்டிக்குக் கீழே மகாவலியை மறித்துக் கட்டிய நீர்த்தேக்கத்தில், தண்ணீரில் இறங்கும் சின்ன பிளேன் ஒன்றை விடத் தொடங்கினார்கள். எட்டுப் பயணிகள், இரண்டு பைலட்கள், அவ்வளவுதான். காலையில் வெள்ளைக்காரர்களை ஏற்றிக்கொண்டு கிழக்குக் கரையில் ஒரு வாவிக்குப் போகும். அங்கே ஒரு மணித்தியாலத்துக்கு மேல் நின்று, வேறு ஆட்களை ஏற்றிக்கொண்டு கொழும்புக்குப் பறக்கும். பயணிகளுக்குக் கேக்கும் பழமும் பெட்டியில் கொடுக்க வேண்டும். பைலட்கள் வாவிக் கரையில் இறங்கிச் சாப்பிட இரண்டு பெட்டி வேண்டும். இதற்காக, பிளேன் வந்து நிற்கும் துறைக்கு மேலே ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்துக் குசினியாக்கினார்கள். பிளைட் கிச்சன் அனுபவம் உள்ள ஆள் தேவை என்றார்கள். ஊருக்குத் திரும்பி வர வழி தேடிக்கொண்டிருந்த நான் ஓடி வந்தேன்.

ஏழு பேர் வேலை செய்தோம். மெனேஜர் ஒரு சிங்கள மஹத்தயா, நல்ல மனுஷன், எதற்கெடுத்தாலும் பயப்படுவார். சமையலுக்கு அலவத்துகொடயிலிருந்து வரும் நௌஷாட் நானா. முஸ்லிம் அண்ணன்மாரை நாங்கள் நானா என்றுதான் கூப்பிடுவோம். முப்பது வருஷம் கலியாண வீடுகளில் சமைத்தவர். பெக்கிங்கில் என் கூட ஹந்தானை மாலா. கேக்கும், சில நாள் ஒரு கறியும் நானே செய்வேன். மற்றவர்கள் கழுவ, தூக்க, கொண்டுபோய்க் கொடுக்க.

நான் போனதும் செய்த முதல் வேலை, கிறூ மீல் ஷீட் ஒன்று தயாரித்ததுதான். ஒரு பக்கம் கெப்டன், மறுபக்கம் மற்றவர். மெயின் என்று ஒரு கட்டம், சோறு அல்லது பாண், பணிஸ் மாதிரி பேக்கரிச் சாமான் என்று ஒரு கட்டம், டெசர்ட் என்று ஒரு கட்டம். மூன்று கட்டத்திலும் இரண்டு பக்கமும் வேறு வேறாக இருந்தால்தான் கையெழுத்துப் போடுவேன். அந்த ஷீட்டை லேமினேட் பண்ணிச் சுவரில் மாட்டி வைத்திருந்தேன். வருகிறவர்களுக்கெல்லாம் காட்டுவேன். என் தலைக்கனத்துக்கு அப்போது நல்ல தீனி கிடைத்துக்கொண்டிருந்தது.

3. அந்த வெள்ளிக்கிழமை

கலகெதரயில் ஒரு கலியாணத்துக்குப் போய்விட்டு வரும்போது வழியில் ஒரு கடையில் மாசிக் கருவாடு வாங்கினேன். மாசி என்றால் கல் மாதிரி இருக்கும், அதை இடித்து எடுப்பதற்குள் கை விட்டுப்போகும். இது கையால் அமுக்கினாலே உதிர்ந்தது. இடிக்க லேசாக இருக்குமே என்று சந்தோஷப்பட்டு இரண்டு பொதி வாங்கி வந்து நானாவிடம் கொடுத்தேன். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு உள்ளே கொண்டுபோனார்.

வெள்ளிக்கிழமை காலை. கெப்டனுக்கு நெய்ச்சோறு, கோழிக் கறி, வட்டிலப்பம். மற்றவருக்கு இரண்டு பணிஸ், அவித்த முட்டை, பப்பாசி. ஷீட்டில் எல்லாக் கட்டமும் வேறு வேறு. நெய்ச்சோற்றுக்குப் பக்கத்தில் சீனிச் சம்பல் வைக்காமல் எந்த வீட்டில் கொடுப்பார்கள்? பணிஸுக்குள்ளும் சீனிச் சம்பல்தான். வேறு என்ன வைப்பது? வெங்காயத்தையும் மிளகாயையும் மாசியோடு வதக்கி ஒரே தாச்சிச் சட்டியில் செய்த சம்பலை நானா இரண்டுக்கும் வைத்தார். நான் பார்த்தேன், கையெழுத்துப் போட்டேன். சம்பலை நம்மில் யார் ஒரு கறியாகக் கணக்கெடுக்கிறார்கள்?

மற்ற நாட்களில் எல்லாவற்றையும் நானே ருசி பார்ப்பேன். வெள்ளிக்கிழமை நான் மாமிசம் சாப்பிடுவதில்லை, அதனால் அன்றைக்கு மட்டும் நானா ருசி பார்ப்பார்.

“எப்படி நானா?” என்று கேட்டேன்.

“சரி தங்கச்சி” என்றார்.

பத்தரைக்கு பிளேன் கிளம்பியது. அதன் பிறகுதான் நாங்கள் தேத்தண்ணி குடிப்பது வழக்கம். மிச்சமிருந்த சம்பலோடு பாண் சாப்பிட்டார்கள் நானாவும் மாலாவும். நான் வாழைப்பழத்தோடு இருந்துகொண்டேன்.

பதினொரு மணி இருக்கும். மாலா ஏப்ரனைக் கழற்றிக்கொண்டு வந்து கதிரையில் உட்கார்ந்தாள். முகமும் கழுத்தும் சிவந்து போயிருந்தன.

“அக்கா, மேலெல்லாம் எரியுது. தலை வெடிக்கிற மாதிரி இருக்கு.”

வெயிலில் நின்றாயா என்று கேட்க வாயைத் திறந்தேன். அதற்குள் பின்பக்கத்தில் நானா வாந்தி எடுக்கும் சத்தம் கேட்டது. ஓடிப்போய்ப் பார்த்தேன். சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். கண் இரத்தமாகச் சிவந்திருந்தது.

“நெஞ்சு படபடண்டு அடிக்குது தங்கச்சி. நாக்கெல்லாம் சுடுது” என்றார்.

இரண்டு பேரும் சேர்ந்து சாப்பிட்டது என்ன என்று யோசித்தேன். பாண் மற்றவர்களும் சாப்பிட்டார்கள். தேத்தண்ணி நானும் குடித்தேன். சம்பல் சாப்பிட்டது இவர்கள் இரண்டு பேர் மட்டும்தான்.

சுவரில் லேமினேட் பண்ணி மாட்டியிருந்த என் ஷீட்டைப் பார்த்தேன். மெயின், சோறு அல்லது பாண், டெசர்ட். சம்பலுக்குக் கட்டம் இல்லை. 

4. போனுக்கு முன்னால்

ஓட்டோ பிடித்து இரண்டு பேரையும் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம். மெனேஜர் கை பிசைந்துகொண்டு நின்றார். நான் விஷயத்தைச் சொன்னேன். இரண்டு பைலட்களுடைய பெட்டியிலும் அதே சம்பல் இருக்கிறது. பிளேன் இந்நேரம் வாவியில் இறங்கியிருக்கும். அவர்கள் பன்னிரண்டு மணிக்கு முன் சாப்பிடுவார்கள். ஒரு மணிக்கு எட்டுப் பேரை ஏற்றிக்கொண்டு மலைக்கு மேலால் பறக்க வேண்டும். கொழும்பு ஓப்ஸ் ரூமுக்குச் சொல்ல வேண்டும்.

ஓப்ஸ் ரூம் என்பது பிளேன் எங்கே நிற்கிறது, யார் ஓட்டுகிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருக்கும் அறை. அங்கே சொன்னால் அது எழுத்தில் ஏறும். எழுத்தில் ஏறினால் விசாரணை வரும்.

“கொஞ்சம் இருங்க மிஸ்” என்றார் மெனேஜர். “டொக்டர் சொல்லட்டும். சம்பல்தானா என்டு தெரியாம நாமளே சொன்னா கொன்ட்ரெக்ட் போயிடும். ஏழு பேருக்கும் வேலை இல்ல. முதல்ல பைலட்டுக்கு சும்மா ஒரு கோல் எடுத்துப் பாருங்க.”

அவர் சொன்னதைக் கேட்டேன். மறைக்க மாட்டேன், கேட்டேன். எங்கள் வீட்டில் அப்போது என் சம்பளம் மட்டும்தான். இரண்டாவது பைலட்டின் நம்பர் என்னிடம் இருந்தது. யாழ்ப்பாணத்துப் பையன், பிரசன்னா என்று பெயர், என் சமையலை நன்றாகச் சாப்பிடுவான். அவனுக்கு அடித்தேன். மணி போகவே இல்லை. இன்னொரு தடவை அடித்தேன். வாவிப் பக்கம் சிக்னல் சரியில்லை. இப்படியே ஐந்து நிமிஷத்தைத் தின்றேன். அந்த ஐந்து நிமிஷத்தை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது.

பதினொன்று இருபத்தைந்து. மெனேஜரைப் பார்க்காமல் ஓப்ஸ் நம்பரை அடித்தேன். ஒரு பெண் பிள்ளை எடுத்தாள். தமிழ் தெரியுமா என்று கேட்டேன். தெரியும் என்றாள்.

“கண்டிக் கிச்சன்ல இருந்து பேசுறேன். இன்னைக்குப் போன கிறூ மீல் ரெண்டுலயும் ஒரே சம்பல் போயிருச்சு. அதைச் சாப்பிட்ட எங்க ஆளுங்க ரெண்டு பேர் ஆஸ்பத்திரியில இருக்காங்க. பைலட் ரெண்டு பேரும் அதைத் தொடக்கூடாது. தயவுசெஞ்சு உடனே சொல்லுங்க.”

“ரெண்டு பேருக்கும் வேற வேற மீல் தானே மிஸ் போகணும்?”

“ஆமா. பிழை விட்டது நான்தான்.”

“இதை ரிப்போட்டா எழுதவா?”

“எழுதுங்க. என் பேரையும் எழுதிக்குங்க. எழுதுறதுக்கு முன்னால அவங்களுக்குச் சொல்லுங்கம்மா.”

போனை வைத்தேன். மெனேஜர் அலுமாரிக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டார். நான் பிரிட்ஜைத் திறந்து காலையில் எடுத்து வைத்த சாம்பிளைப் பார்த்தேன். ஒவ்வொரு சாப்பாட்டிலும் கொஞ்சம் எடுத்து, திகதி ஒட்டி, இரண்டு நாள் வைக்க வேண்டும் என்பது சட்டம். அழகான சிவப்பாக, எண்ணெய் மினுங்க இருந்தது அந்தச் சம்பல். யார் பார்த்தாலும் ஒரு பணிஸ் கேட்பார்கள்.

பதினொன்று நாற்பது ஆயிற்று. நாற்பத்தைந்து ஆயிற்று. நான் முருகனைக் கூப்பிட்டேன், பிறகு நானாவுடைய அல்லாஹ்வையும் கூப்பிட்டேன். யாராவது ஒருவர் போன் எடுத்தால் போதும் என்றிருந்தது.

பன்னிரண்டுக்கு ஆறு நிமிஷம் இருக்கும்போது என் கைத்தொலைபேசி அடித்தது.

“அக்கா, நான் பிரசன்னா. துறையில இருக்கிற போனில இருந்து கதைக்கிறன்.”

“தம்பி, சாப்பிட்டீங்களா?”

“இல்லை அக்கா. இண்டைக்கு எதிர்க்காத்து, இறங்கவே பிந்திப்போச்சு. இப்பதான் கை கழுவிப்போட்டு வந்து இருந்தனாங்கள். கெப்டன் சோத்தைப் பிசைஞ்சுகொண்டு இருக்கேக்க துறைக்காரர் ஓடி வந்து பெட்டியைப் பறிச்சுப்போட்டார். கெப்டனுக்குச் சரியான கோபம்.”

“பிசைஞ்சாரா, வாயில வச்சாரா?”

“வாயில வைக்கேல்லை அக்கா. ரெண்டு பேரும் ஒண்டும் சாப்பிடேல்லை. கையையும் திரும்பக் கழுவிப்போட்டம். பயப்பிடாதேங்கோ.”

 அப்படியே தரையில், உருளைக்கிழங்கு மூட்டையில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டேன். அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. மெனேஜர் பயந்துபோய்த் தண்ணீர் கொண்டு வந்தார். “சாப்பிடல்ல, சாப்பிடல்ல” என்று மட்டும் அவரிடம் சொன்னேன். அவர் அந்தத் தண்ணீரைத் தானே குடித்துவிட்டார்.

“அக்கா, பசிக்குது. இப்ப என்ன செய்யிறது?” என்று கேட்டான் பிரசன்னா.

“கேக்குப் பெட்டி கூடுதலா ஒண்ணு இருக்கும், அதை எடுத்துக்குங்க. பழத்தை கெப்டனுக்குக் குடுங்க” என்றேன். அந்த நிலைமையிலும் ஆளுக்கு வேறு வேறாகத்தான் சொல்லியிருக்கிறேன்.

பிளேன் ஒன்றேகாலுக்கு வாவியிலிருந்து எழும்பி, இரண்டுக்குக் கொழும்பில் இறங்கியது. இறங்கிவிட்டது என்ற செய்தி வரும்வரை நான் ஒரு பாத்திரத்தையும் தொடவில்லை.

5. வார்ட்டில் கேட்டது

பின்னேரம் ஆஸ்பத்திரிக்குப் போனேன். அவசரப் பிரிவில் இரண்டு பேருக்கும் பக்கத்துப் பக்கத்துக் கட்டில். மாலாவுக்கு ஊசி போட்டதில் சிவப்பெல்லாம் வடிந்திருந்தது. இன்றைக்கே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள் என்றாள். டொக்டர் எனக்கு விளக்கிச் சொன்னார். பிடித்த மீனைக் குளிரில் வைக்காமல் விட்டாலோ, சரியாகக் காய வைக்காவிட்டாலோ அதில் ஒரு நஞ்சு ஊறும். மணத்திலும் நிறத்திலும் தெரியாது. வதக்கினாலும் அவித்தாலும் போகாது. சாப்பிட்டவருக்கு அரை மணித்தியாலத்திலும் வரலாம். பெரும்பாலும் ஒரு நாளில் சரியாகிவிடும். வீட்டில் படுத்திருப்பவருக்குச் சரி, பிளேன் ஓட்டுகிறவருக்கு அது சரிவராது.

கையால் அமுக்கினாலே உதிர்ந்த அந்த மாசி, நான் தேடி வாங்கின மாசி. வேறு யாரையும் குற்றம் சொல்ல எனக்கு வழியில்லை.

நானா கட்டிலில் எழுந்து உட்கார்ந்திருந்தார். ஜும்ஆத் தொழுகைக்குப் போக முடியவில்லையே என்ற கவலை முகத்தில் தெரிந்தது. என்னைக் கண்டதும் முதலில் கேட்டது இதுதான்:

“பைலட் புள்ளைகளுக்கு ஒண்டுமில்லயே?”

“இல்ல நானா. வாயில வைக்கல.”

“அல்ஹம்துலில்லாஹ்” என்று கண்ணை மூடினார்.  நான் கொண்டுபோன தோடம்பழத்தை உரித்துக்கொண்டிருந்தேன்.

“தங்கச்சி, ஒரு விஷயம் சொல்லணும்” என்றார். “காலைல ருசி பாக்கக்குள்ளயே நாக்குல சுள்ளுண்டு ஒரு மாதிரி குத்திச்சு. மிளகாக் காரம் மாதிரி இல்ல.”

நான் உரிப்பதை நிறுத்தினேன்.

“ஏன் நானா சொல்லல?”

அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

“நீங்க வாங்கிட்டு வந்த மாசி. அது சரியில்லண்டு எப்படிச் சொல்ல? போன மாசம் மாலா நீங்க போட்ட கேக் அடிப்பிடிச்சிக்கிதுண்டு சொன்னதுக்கு, நீங்க அவள ஒரு கிழமையா வச்சி வாங்கினீங்களே. அதான் பேசாம இருந்துட்டன்.”

பக்கத்துக் கட்டிலில் இருந்த மாலா போர்வையை முகத்துக்கு இழுத்துக்கொண்டாள். நான் சொன்னதெல்லாம் எனக்கு ஞாபகம் வந்தது. கேக் உண்மையிலேயே அடிப்பிடித்துத்தான் இருந்தது.

முப்பது வருஷம் சமைத்த ஒரு மனுஷனின் நாக்கு காலை ஆறு மணிக்கே பிழையைக் கண்டுபிடித்துவிட்டது. அது என் காதுக்கு வராமல் தடுத்தது என் வாய்தான். பைலட்கள் தப்பியதற்குக் காரணம் எதிர்க்காற்று. எங்கள் குசினியில் யாரும் அவர்களைக் காப்பாற்றவில்லை. தோடம்பழத்தை அவர் கையில் கொடுத்தேன். “என்னை மன்னிச்சிருங்க நானா” என்றேன். “சரி, சரி” என்றார், அவசரமாக, பெரிய ஆள் ஒருத்தி அழுவதைப் பார்க்க விரும்பாதவர் மாதிரி.

6. பிறகு

அடுத்த கிழமை கொழும்பிலிருந்து விசாரணைக்கு ஒருவர் வந்தார். ஷீட்டைக் கழற்றச் சொல்லிப் பார்த்தார். யார் தயாரித்தது என்றார். நான் என்றேன். மாசி வாங்கியது யார் என்றார். அதுவும் நான் என்றேன். நானா ருசி பார்த்துவிட்டுச் சொல்லாமல் விட்டதையும், ஏன் சொல்லாமல் விட்டார் என்பதையும் நானே சொன்னேன். வேலை போய்விடும் என்று வீட்டிலும் சொல்லி வைத்திருந்தேன்.

அவர் எழுதி முடித்துவிட்டு, “நீங்க அண்டைக்குப் போன் பண்ணாட்டி இண்டைக்கு நான் வந்திருக்கிறது வேற வேலைக்கு” என்றார். எனக்கு எழுத்தில் ஒரு எச்சரிக்கை வந்தது. கொன்ட்ரெக்ட் போகவில்லை. மெனேஜர் தன் பைலில் அந்தக் கடிதத்தை மிகவும் மரியாதையாக வைத்துக்கொண்டார்.

புதிய ஷீட்டில் சம்பல், சட்னி, ஊறுகாய், சோஸ், குடிக்கிற தண்ணீர்ப் போத்தல் எல்லாவற்றுக்கும் கட்டம் போட்டேன். அது சுலபமான வேலை, ஒரு பின்னேரத்தில் முடிந்துவிட்டது. மற்ற வேலைதான் கஷ்டமாக இருந்தது. ஒவ்வொரு நாளும் பெட்டியை மூடுவதற்கு முன்னால் எல்லாரையும் நிற்க வைத்து, “எது சரியில்ல, சொல்லுங்க” என்று கேட்கத் தொடங்கினேன். யாரும் ஒரு குறையும் சொல்லவில்லை. எல்லாம் நல்லா இருக்கு அக்கா, எல்லாம் நல்லா இருக்கு மிஸ். இரண்டு கிழமை இதே பாட்டுத்தான். நானாகூட கரண்டியைப் பார்த்துக்கொண்டு நிற்பார்.

ஒரு செவ்வாய்க்கிழமை, நான் பருப்பைத் தாளித்து இறக்கி வைத்துவிட்டு வழக்கம்போலக் கேட்டேன். மாலா கையைத் துடைத்தாள், துடைத்த கையைத் திரும்பவும் துடைத்தாள்.

“அக்கா, பருப்புல உப்புக் கூடிப்போச்சு.”

 எனக்குக் கோபம் வந்தது, பொய் சொல்ல மாட்டேன். விழுங்கினேன். கரண்டியை எடுத்து ருசி பார்த்தேன்.

உப்புக் கூடத்தான்.

“கூடத்தான் மாலா. கொட்டிட்டு வேற வைக்கிறேன்” என்றேன். நானா மெல்லச் சிரித்தபடி பருப்பு டின்னை எடுத்து என் பக்கம் தள்ளினார். அன்றைக்குத்தான், அந்த வெள்ளிக்கிழமைக்குப் பிறகு முதல் தடவையாக, பிளேன் எழும்பும் சத்தம் கேட்டபோது என் நெஞ்சு அடித்துக்கொள்ளவில்லை.